இஞ்சினில் ஒரு விக்கல்

வாசலில் நிற்கும் பைக் சீராகத்தான் உறுமிக்கொண்டிருக்கிறது. ரொனால்டின் காதுக்கு மட்டும் அதில் ஒரு விக்கல் கேட்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் திருப்புளியை வைத்துக் கால் சுற்று திருகி அடக்கியிருப்பான். இது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து ஊற்றும் புது வண்டி. வண்டியில் செருகிய வயரின் மறுமுனையில் லேப்டாப், திரை முழுக்க எண்கள். இருந்தும் திருப்புளியைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மனைவி லிடியா பட்டுப்புடவையில் நிற்கிறாள். கன்னிவாடியில் தங்கச்சி மகளுக்கு இன்று ஞானஸ்நானம், ஞானத்தாய் இவள்தான். குழந்தையின் வெள்ளைக் கவுன் இவள் பையில் இருக்கிறது. “நல்லாத்தான ஓடுது, விடுங்க. பத்து மணிக்குக் கரண்ட் போயிரும். அந்த லேப்டாப்புல பேட்டரியும் நிக்காது.” “செத்த நேரம் இரு.” இஞ்சினை அணைத்து, ஒரே ஒரு எண்ணை மாற்றி வண்டிக்கு அனுப்புகிறான். பச்சைக் கோடு திரையில் ஊர்ந்து பாதியைத் தாண்டுகிறது. வீட்டுக்குள் மின்விசிறி மெல்ல ஓய்கிறது. கோடு முடியுமுன்னே திரை கறுக்கிறது. சாவியைத் திருப்புகிறான், டேங்குக்குள் வழக்கமாக எழும் பெட்ரோல் பம்ப்பின் முனகல்கூட எழவில்லை. லிடியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்கிறாள். அவன் கை தானாகவே திருப்புளியை இஞ்சினின் பக்கவாட்டில், பழைய வண்டியில் திருகு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே வழவழவென்று வெறும் அலுமினியம்.