எதிர் நாற்காலி

“அந்தப் பொம்பள இருக்கற எடத்துல நான் காதக் காட்ட மாட்டேன்” என்றார் துலுக்கானம். இடது காதில் ஐந்து ஊசிகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. வலது காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் வேம்புலியம்மாள் இரண்டு காதிலும் ஊசியோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். “காட்டாங்காட்டி போ. யாரு அழுதா?”

சபீனா பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்பத்தூரில் ஒரு மாடிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து அவள் நடத்தும் காது அக்குபங்சர் நிலையம் அது. வட்டமாக எட்டு நாற்காலிகள். காது மடலில் மயிரிழை போன்ற ஊசிகளைக் குத்திக்கொண்டு நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். வைத்தியத்தில் பாதி அந்த அமைதிதான். பத்து வருடம் நர்ஸாக இருந்தவள் என்பதால், ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தக் கூடாது, இது அதற்குத் துணை மட்டும்தான் என்று வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்.

துலுக்கானம் பக்கத்து ஊரான பாடியில் ஒரு லேத் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். ஒரு வருடமாகத் தூக்கமில்லை. மாத்திரை கொடுத்த டாக்டரே இதையும் செய்து பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். தூக்கம் எதனால் போயிற்று என்று சபீனா கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். முதல் மூன்று சனிக்கிழமையும் அவர் இருக்கிற இடமே தெரியவில்லை.

நாலாவது வாரம் வேம்புலியம்மாள் வந்து சேர்ந்தாள். மூட்டு வலி என்றாள். காலியாக இருந்த ஐந்து நாற்காலிகளை விட்டுவிட்டு அவருக்கு நேர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு? இங்கியும் வந்து குந்திகினு கீற?” என்று அவர் சீறினார்.

“இன்னா, இது ஒங்கப்பன் கட்ன கட்டடமா?” என்றாள் அவள்.

அன்று பிடித்த சனி. ஒரு வாரம் ஃபேனுக்காகச் சண்டை. மறு வாரம் அவள் இருமுகிறாள் என்று. அதற்கடுத்த வாரம் அவருடைய சட்டை நாறுகிறது என்று. இரண்டு பேருமே பாடிக்காரர்கள். தெருக்குழாயோ பொதுச்சுவரோ, ஏதோ பழைய பகை என்று சபீனா முடிவு கட்டிக்கொண்டாள்.

போன வாரம் துலுக்கானத்திடம், காலையில் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து, “எங்க போட்டுது? தண்ணிய மட்டும் குடிச்சிட்டு வந்துகீது” என்று குரல் வந்தது. எதற்கெடுத்தாலும் குத்திப் பேசும் கிழவியைச் சபீனா அதட்டி உட்கார வைத்தாள்.

இன்று அதட்டலும் எடுபடவில்லை. ஒற்றைத் தலைவலிக்காக வரும் ஐ.டி. பையன் கௌதம் கண்ணைத் திறந்து, ஊசியை எடுத்துவிடச் சொன்னான். “சண்டை கேக்கறதுக்கு எனக்கு ஆபீஸே போதும் மேடம். அடுத்த வாரம் வரல.” அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள்.

“இப்ப குளுகுளுன்னு கீதா? ஒருத்தி பொழப்புல மண்ணப் போட்டாச்சி” என்றாள் வேம்புலியம்மாள்.

துலுக்கானம் துள்ளி எழுந்தார். காது ஊசிகள் ஆட, அவளுடைய நாக்கையும் நடையையும் பிறந்த வேளையையும் சேர்த்து வைத்துத் திட்டித் தீர்த்தார். அவளும் விடவில்லை. கீழே டீக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

சபீனா இருவருக்கும் ஊசிகளைப் பிடுங்கிப் போட்டாள். அவர் முகம் சிவக்கப் படியிறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வேம்புலியம்மாளும் கிளம்பப் பார்த்தாள். சபீனா வாசலை மறித்து நின்றாள்.

அவர் டாக்டர் அனுப்பிய நோயாளி, அவரை நிறுத்த முடியாது. வம்புக்கு இழுப்பது இவள்தான். இத்தனை வாரமாக நெஞ்சில் கிடந்த கோபமெல்லாம் வெளியே வந்தது. “அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க செவ்வாக்கிழமை நாலு மணிக்கு வாங்க. சனிக்கிழமை இங்க உங்களப் பாத்தேன்னா உள்ளேயே விட மாட்டேன். அந்த மனுஷன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணாரு?”

வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் போகிறோம் என்று சபீனா எதிர்பார்த்தாள். வேம்புலியம்மாளோ காலியான நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சபீனாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நேரத்த மாத்திடாத கண்ணு. எங்க புள்ள செத்ததுலேர்ந்து என் ஊட்டுக்காரரு ஊட்ல வாயே தொறக்கல, இங்க வந்தாதான் என்னத் திட்டவாச்சும் செய்யறாரு.”