பக்கத்து இடத்துக்காரர் கையெழுத்து

நிறைமாத எலி ஒன்று மழைக்கு முன்னால் வளை தோண்ட அனுமதி கேட்டு ஆமை அதிகாரியிடம் போனது. அதற்கு இருந்ததே ஒரு முழ நிலம்தான்.

"எல்லையை ஒட்டித் தோண்டணும்னா, பக்கத்து இடத்துக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும்மா."

"பக்கத்துல இருக்கிறது பாம்பு சார்."

"யாரா இருந்தா என்ன? நேர்ல போய் வாங்கிட்டு வாங்க."

எலி மூன்று நாள் நடையாய் நடந்து கெஞ்சியது. ஆமை அசையவே இல்லை. மேகம் கறுத்துவிட்டது. வேறு என்ன செய்யும், பாம்பிடம் போனது.

மறுநாள் பாம்பே ஆபீசுக்கு வந்தது. அதன் வயிறு புடைத்திருந்தது.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. தாராளமா தோண்டட்டும்," என்று கடிதத்தை நீட்டியது.

ஆமை அதை ஃபைலில் கோத்தது.

"நல்லது. இனி அந்தம்மா வந்து ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."