வாலில் வெள்ளை இல்லாத மீன்

காலையிலிருந்து மிசூரி ஆற்றில் அலைந்ததற்கு ரோலண்டின் தூண்டிலில் மாட்டியது ஒரே ஒரு மீன்தான்.

“இது வால்ஐ மீன்தானே?” என்று கேட்டார்.

படகோட்டும் பெண்மணி மார்லிஸ் அதைத் திருப்பிப் பார்த்தார். “வால்ஐன்னா வால் நுனியில வெள்ளை இருக்கும். இதுல இல்ல. முதுகுத் துடுப்புல வரிசையா கறுப்புப் புள்ளி பாருங்க. இது சாகர். இந்தப் பக்கம் சாகர் மாட்டினா திரும்ப ஆத்துல விட்டுடணும்.”

“யாரு பாக்கப் போறா? எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. ஆத்து மீன் ஒரு வாய் வேணும்னு கேக்கறாங்க.”

சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல்.

மார்லிஸ் சற்று நேரம் மீனையே பார்த்தார். பிறகு குனிந்து ஆற்றில் விட்டார்.

“லைசென்ஸ் போச்சுன்னா என் வீட்ல அடுப்பு எரியாது சார்.”

 கரை வரும்வரை ரோலண்ட் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

கரையில் மார்லிஸ் தன் வண்டியிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். “நேத்து நான் பிடிச்ச வால்ஐ. எங்களுக்குன்னு வச்சிருந்தேன், பரவாயில்ல. முள் இருக்கான்னு தடவிப் பார்த்து அம்மாவுக்கு ஊட்டுங்க.”

மூன்று நாளில் இது நாலாவது படகு. மற்ற மூன்று படகுக்காரர்களும் இரக்கப்பட்டு, ஆற்றில் விடவேண்டிய மீனைக் கொடுத்துவிட்டார்கள். மூவர் மேலும் ரோலண்ட் வழக்கு எழுதியிருந்தார். அவர் மீன்வளக் காவல் அதிகாரி. அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது.

தான் யாரென்று சொல்லிவிட அடையாள அட்டையை எடுக்கச் சட்டைப் பைக்குப் போன கையை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

“சரி, ஊட்டறேன்” என்றார்.