மரண நீரின் வேலை

பனிக்காட்டில் மீலோஷ் வாளால் வெட்டுப்பட்டு இறந்து கிடந்தான். அவனுடைய அம்மா அழுததைக் கேட்டு, ஒரு காகம் இரண்டு குடுவைகளைத் தூக்கிவந்தது. வற்றிப்போன இரண்டு ஊற்றுகளின் கடைசி நீர் அவற்றில் இருந்தது. ஒன்று மரண நீர், மற்றது உயிர் நீர்.

“முதலில் மரண நீரை ஊற்றம்மா. வெட்டு ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் உயிர் நீர்,” என்றது காகம்.

“செத்துக் கிடக்கிற பிள்ளைமேல் மரணத்தை ஊற்றச் சொல்கிறாயே,” என்றாள் அம்மா.

“அதுதானே. எழுப்பப்போவது நான். அது எதற்கு?” என்றது உயிர் நீர்.

“நான் புண்ணை மூடத்தான் வந்தேன்,” என்றது மரண நீர். அதற்குள் அம்மா அதை, முறிந்து கிடந்த ஒரு கிளையின் மேல் கவிழ்த்துவிட்டாள்.

உயிர் நீர் பட்டதும் மீலோஷ் கண் திறந்தான். மார்பு பிளந்தபடியே இருந்தது. அவன் அலறத் தொடங்கினான்.

“ஏதாவது செய்,” என்று அம்மா கெஞ்சினாள்.

“எனக்கு எழுப்ப மட்டும்தான் தெரியும். இனி அவனால் சாகவும் முடியாது,” என்றது உயிர் நீர்.

அம்மா மரண நீரைக் கவிழ்த்த இடத்துக்கு ஓடிப்போய்ப் பனியைத் தோண்டினாள். துளி நீர்கூட மிச்சமில்லை. முறிந்த கிளை மட்டும் தழும்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது.