முப்பது மணி நேரம்

"நேரா போற பிளைட்னா பதினாலு மணி நேரம்தான் சார்," என்றாள் டிராவல்ஸ் பெண்.

"சுத்திப் போனா?"

"முப்பது மணி நேரம். நடுவுல ரெண்டு இடத்துல இறங்கி ஏறணும். எதுக்கு சார் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?"

"அதையே போடும்மா."

பெரியவருக்கு மறை கழன்றுவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

சோபாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டினாள். "நல்லதாப் போச்சு! இன்னும் ஒரு கை பாக்கி. பையனைப் பார்க்கறதுக்குள்ள முடிச்சிடுவேன்."

"உங்க பையன் காத்துட்டிருப்பாரே சார்?" பெண் விடவில்லை.

பெரியவர் மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"காலையில போன் வந்துச்சும்மா. ஆக்ஸிடென்ட்ல போயிட்டான். இவகிட்ட இன்னும் சொல்லலை. போய்ச் சேர்ற வரைக்குமாவது அவளுக்குப் பிள்ளை இருக்கட்டும்."