நாலாயிரத்து இருநூறு

"மாமா, கயித்தை அவுருங்க. யாரும் உள்ள இறங்க வேண்டாம்."

ஓடி வந்ததில் பிரிசில்லாவுக்கு மூச்சு வாங்கியது. சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியை எட்டு மாதம் கழித்து அன்று காலைதான் திறந்திருந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிய நல்லான், ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார்.

மேனேஜர் சிவபிரகாஷ் எரிச்சலோடு திரும்பினார். "ஏனுங்க, உங்களுக்கு லேப்ல வேலை இல்லீங்களா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். அடியில இருக்கற சகதியை அள்ளியே ஆகணும். பத்து நிமிச வேலை."

"போன ஆடியில பக்கத்துப் பட்டறையிலயும் பத்து நிமிசம்னுதான் சொன்னாங்க. ஒருத்தர் இறங்குனாரு, அவரைத் தூக்க இன்னொருத்தர் இறங்குனாரு. ரெண்டு பேரையும் பொணமாத்தான் எடுத்தாங்க."

"நானே மோந்து பாத்துட்டேனுங்க. நாத்தமே இல்லை."

"அந்த வாயு மொதல்ல மூக்கைத்தான் சாகடிக்கும். அப்பறம்தான் ஆளை."

நல்லான் சங்கடமாகச் சிரித்தார். "உடு கண்ணு. இறங்கலீன்னா நாளைக்கு வர வேண்டாம்னுருவாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறையில் நூற்றிருபது பேர் வேலை பார்க்கிறார்கள். தொட்டி என்றால் மட்டும் அவள் தெருவிலிருந்துதான் ஆள் வர வேண்டும். அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். இயற்பியல். சுவரில் மாட்டி வைக்கவா படித்தாள்?

"ரெண்டு நிமிசம் குடுங்க சார். அளந்து காட்டறேன்."

விறுவிறுவென்று போனவள், எதையோ துப்பட்டாவுக்குள் பொத்திப் பிடித்தபடி வந்தாள். "எல்லாரும் பத்தடி தள்ளி நில்லுங்க. லேசர். கண்ணுல பட்டா பார்வை போயிரும்."

நல்லான்தான் முதலில் ஏணியிலிருந்து காலை எடுத்தார். பிரிசில்லா தொட்டியின் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். 'பீப்' என்றது.

"வெளிச்சத்தையே காணமே?" என்றார் சிவபிரகாஷ், தூரத்தில் நின்றபடி.

"உங்க ஊட்டு டிவி ரிமோட்டுல வெளிச்சம் தெரியுதுங்களா? அது மாதிரி அகச்சிவப்பு ஒளி. கடுகளவு அரைக்கடத்திச் சில்லுல இருந்து வரும். சகதியில விஷ வாயுவோட சேந்து வர்ற மீத்தேன் அந்த ஒளியை உறிஞ்சிக்கும். அனுப்புனதுல எவ்வளவு திரும்பி வரலையோ, அதை வெச்சு உள்ள எவ்வளவு வாயுன்னு சொல்லிரலாம். ஆளை இறக்கிப் பாக்க வேண்டியதில்லை."

'பீப். பீப்.'

அவள் முகம் இறுகியது. "நாலாயிரத்து இருநூறு. ஆயிரத்தைத் தாண்டுனாலே மனுசன் இறங்கக் கூடாது."

"நெசமாத்தானுங்களா?"

"சந்தேகம்னா நீங்க இறங்கிப் பாருங்க சார். கயித்தை நான் புடிச்சுக்கறேன்."

சிவபிரகாஷ் இன்னும் இரண்டடி பின்னால் போனார். தொட்டிக்குள் ஒருமுறை பார்த்தார். நல்லானை ஒருமுறை பார்த்தார். பிறகு போனை எடுத்து, பல்லடத்திலிருந்து உறிஞ்சு லாரியை அனுப்பச் சொன்னார்.

"இந்த மிசினு நம்ம கம்பெனிதுங்களா?" என்றார், குரல் இறங்கி.

"நாலஞ்சு வருசமா சும்மாதான் கிடக்குதுங்க சார்."

"ஒண்ணு பத்தாதுங்க. அந்தப் பக்கத்துத் தொட்டிக்கும் சேத்து இன்னொண்ணு ஆர்டர் போடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன். இனிமே அளக்காம எவனையும் இறக்க வேண்டாம்."

'லேசர் மீத்தேன் அளவி – இரண்டு' என்று அவள் தெளிவாக எழுதி நீட்டினாள். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தார்.

நல்லான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். "உசுரு போயி வந்த மாதிரி இருக்குது கண்ணு. அந்த மிசினை நான் ஒருக்கா பாக்கலாமா?"

பிரிசில்லா சுற்றும் முற்றும் பார்த்தாள். துப்பட்டாவை விலக்கி, கருவியை அவர் நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினாள்.

'பீப்.'

"தொண்ணூத்தேழு புள்ளி நாலு. காச்சல் இல்லீங்க மாமா," என்றவள், கொரோனா முடிந்தபின் யாரும் தொடாத அந்தத் தெர்மாமீட்டரைக் கேட் செக்யூரிட்டியின் மேசை டிராயரில் திரும்ப வைக்கப் போனாள்.