ஏழாவது கட்டம்

சஜீவன் கிளிநொச்சியில் கலியாண வீடியோக்களை டிஸ்க்கில் பதிந்து கொடுப்பவன். டிஸ்க்கைப் போட்டதும் வரும் முதல் பக்கத்தில் ஆறு சின்னக் கட்டங்கள் வைப்பான். ஒவ்வொன்றிலும் ஒரு சடங்கு பதினைந்து செக்கன் ஓடி, மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடும்.

தன் கலியாண டிஸ்க்கை வாங்கத் தாய் ஞானேஸ்வரியோடு வந்திருந்த சுமித்திராவுக்கு, சஜீவன் சொன்னதைக் கேட்டு முகம் வாடிப் போயிற்று.

"என்ன அண்ணை, அம்மா ஒரு இடத்திலையும் இல்லையோ?"

"நாலு மணித்தியாலப் படத்தையும் தேடிப் பாத்திட்டன், தங்கச்சி."

"தாலி அறுத்தவள் மணவறைக்குக் கிட்டப் போறதே?" என்றார் ஞானேஸ்வரி. "நான் குசினிக்கை சமையலோடை நிண்டனான். தம்பியை ஏசாதை."

சஜீவன் டிஸ்க்கைப் போட்டான். கட்டங்கள் ஏழு இருந்தன.

ஏழாவதில் குசினி வாசல் தெரிந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் இறந்துபோன மூக்கன், ஞானேஸ்வரியின் கையைப் பிடித்து மணவறைப் பக்கம் கூட்டி வந்துகொண்டிருந்தார்.

"அப்பா எல்லே அது?" என்றாள் சுமித்திரா.

பதினைந்து செக்கன் முடிந்தது. மற்ற ஆறும் தொடக்கத்துக்குத் திரும்பின. ஏழாவது மட்டும் திரும்பாமல் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

அதை நிறுத்தச் சஜீவனின் விரல் ரிமோட்டுக்குப் போனது. ஞானேஸ்வரி தடுத்தார்.

"பொறுங்கோ தம்பி, அழுத்திப்போடாதேங்கோ. அந்த மனுசனுக்கு முழங்கால் வருத்தம். மெல்லத்தான் நடக்கும்."